முதலில் சம்பளம், டிவிடெண்ட் கடைசியில்

சொந்தமாக ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி. பெயருக்கு வீட்டில் இன்னொருவர் டைரக்டர். வேலை செய்வது நீங்கள் ஒருவர்தான், கிளையன்ட் ஒன்றோ இரண்டோ. இன்வாய்ஸ் பணம் கம்பெனிக் கணக்கில் வந்து விழுகிறது. அதை வீட்டுக்கு எப்படிக் கொண்டுபோவது?

இணையத்தில் தேடினால், சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு மீதியை டிவிடெண்டாக எடு என்ற யோசனைதான் முதலில் கண்ணில் படும். அது இங்கிலாந்து கான்ட்ராக்டர்களுக்கு எழுதியது. அங்கே சம்பளம் ஓர் அளவைத் தாண்டினால் நேஷனல் இன்ஷூரன்ஸ் என்று கம்பெனியும் கட்ட வேண்டும், சம்பளம் வாங்குபவரும் கட்ட வேண்டும். டிவிடெண்டுக்கு அந்தச் சுமை கிடையாது, வருமான வரி விகிதமும் குறைவு. அதை நம்பி இந்தியாவில் இறங்கினால் கை சுடும்.

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஜிஎஸ்டி நீங்கலாக ஆண்டு வரவு 40 லட்சம், செலவு 6 லட்சம். உங்கள் சம்பளத்துக்கு முன் மிச்சம் 34 லட்சம். 2025–26 நிதியாண்டின் புதிய வரிமுறையை எடுத்துக்கொள்வோம்.

34 லட்சத்தையும் சம்பளமாக எடுத்தால், நிலையான கழிவு 75,000 போக, செஸ் சேர்த்து உங்கள் வரி 6,00,600. கம்பெனிக்கு லாபமே இல்லை, அதனால் வரியும் இல்லை. அதே தொகையை முழுக்க டிவிடெண்டாக எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். சலுகை விகிதமான 25.168 சதவீதத்தில் கம்பெனி முதலில் 8,55,712 கட்டும். மிஞ்சிய 25.44 லட்சத்துக்கு நீங்கள் இன்னொரு முறை சுமார் 3.57 லட்சம் கட்டுவீர்கள். ஆக 12 லட்சத்துக்கு மேல். ஏறத்தாழ இரண்டு மடங்கு! 2020 ஏப்ரலுக்கு முன் டிவிடெண்டுக்கான வரியைக் கம்பெனியே கட்டிவிடும். இப்போது அது வாங்குகிறவர் வருமானத்தில் சேர்ந்து, அவருடைய ஸ்லாப் விகிதத்துக்குப் போய்விடுகிறது.

அதற்காக எல்லாவற்றையும் சம்பளமாகவே எடுத்துவிட வேண்டும் என்றும் இல்லை. கவனிக்க வேண்டிய புள்ளிகள் இரண்டு. வேறு வருமானம் இல்லாவிட்டால் 12.75 லட்சம் வரை சம்பளத்துக்கு வரியே வராது. அங்கிருந்து 24.75 லட்சம் வரை எடுக்கும் தொகைக்கு, கம்பெனி கட்டினாலும் நீங்கள் கட்டினாலும் மொத்த வரி ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் சம்பளமாக வந்த பணம் வரி கட்டி முடித்த பணம். கம்பெனியில் விட்டதை வெளியே எடுக்க மறுபடி ஒரு வரி உண்டு. ஆகவே வீட்டுக்குத் தேவைப்பட்டால் 24.75 லட்சம் வரை தயங்காமல் எடுக்கலாம். அதற்கு மேல் உங்கள் விகிதம் செஸ்ஸோடு 31.2 சதவீதம், கம்பெனியின் விகிதம் 25.168. உடனே தேவையில்லாத பணம் என்றால் கம்பெனியிலேயே இருக்கட்டும். அந்தச் சலுகை விகிதத்துக்குக் கம்பெனி உரிய காலத்தில் படிவம் கொடுத்து விருப்பம் தெரிவித்திருக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

அப்படிச் சேர்ந்த பணத்துக்குத்தான் டிவிடெண்ட் பொருந்தும், அதுவும் கான்ட்ராக்ட் இல்லாத ஆண்டில். வேறு வருமானம் இல்லாத அந்த ஆண்டில் 12 லட்சம் வரை டிவிடெண்ட் எடுத்தாலும் தள்ளுபடி போக உங்களுக்கு வரி வராது. கம்பெனி பிடிக்கும் 10 சதவீத டிடிஎஸ் ரீஃபண்டாகத் திரும்பிவிடும். வேலை தாராளமாகக் கிடைக்கும் ஆண்டிலேயே டிவிடெண்ட் எடுக்கத் துடிப்பவர்களின் அவசரம் எனக்குப் புரிவதில்லை.

இதைவிடப் பெரிய ஆபத்து பெயரில்லாமல் எடுக்கும் பணம். வருடக் கடைசியில் கம்பெனி ஸ்டேட்மென்ட்டை ஆடிட்டர் புரட்டுகிறார்: ஸ்கூல் ஃபீஸ் 85,000, மாமனார் வீட்டுக்கு ஒரு ஃபிரிட்ஜ், தீபாவளிக்கு முந்தைய வாரம் ‘செல்ஃப்’ என்று 2 லட்சம். நம் கம்பெனி, நம் பணம்தானே என்று தோன்றும். சட்டத்தின் கண்ணில் கம்பெனி வேறு ஆள். 10 சதவீதத்துக்குக் குறையாத வாக்குரிமை உள்ள பங்குதாரருக்கு இப்படிப்பட்ட கம்பெனி கடனாகவோ முன்பணமாகவோ கொடுத்தால், கம்பெனியில் சேர்ந்திருக்கும் லாபத்தின் அளவுக்கு அதை டிவிடெண்டாகவே கருதி வரி போடுவார்கள். செலவாகக் காட்டிக் கழிக்கவும் முடியாது. டைரக்டருக்குக் கடன் கொடுப்பதற்குக் கம்பெனிச் சட்டம் வைத்திருக்கும் கட்டுப்பாடுகள் தனி. மாதச் சம்பளம் என்று ஒரு தொகையைப் போர்டு தீர்மானத்தில் எழுதி, டிடிஎஸ் பிடித்து, மறு மாதம் 7ஆம் தேதிக்குள் கட்டிவிட்டால் இந்தத் தொல்லையே கிடையாது. கம்பெனிக்காகக் கைக்காசு செலவழித்தால் பில்லை வைத்துத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். அது உங்கள் வருமானம் ஆகாது.

மனைவிக்கோ கணவருக்கோ சம்பளம் போடலாமா என்ற கேள்வி எப்படியும் வரும். அவருக்குத் தொழில்நுட்ப அல்லது தொழில்முறைத் தகுதி இருந்து, அதைக் கொண்டு உண்மையாகவே வேலை செய்து ஈட்டினால் சரி. இல்லையென்றால், கம்பெனியில் உங்களுக்குக் கணிசமான பங்கு இருப்பதால், அந்தச் சம்பளம் உங்கள் வருமானத்தோடுதான் சேரும்.

சம்பளம் வாங்குவதில் இன்னொரு லாபம் என்பிஎஸ். கம்பெனி உங்கள் பெயரில் அடிப்படைச் சம்பளத்தில் 14 சதவீதம் வரை செலுத்தினால் புதிய வரிமுறையிலும் கழிவு கிடைக்கும். அடிப்படை 12 லட்சம் என்றால் 1.68 லட்சம். பெரும்பகுதி நீண்ட காலம் கைக்கு வராது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு சேருங்கள்.

பணப்புழக்கத்திலும் ஒரு சிக்கல் உண்டு. கிளையன்ட் ஒப்பந்தத்தின் தன்மையைப் பொறுத்து 2 அல்லது 10 சதவீத டிடிஎஸ் பிடித்துக்கொண்டுதான் பணம் தருவார். 40 லட்சத்துக்கு 10 சதவீதம் என்றால் 4 லட்சம். அது கம்பெனியின் வரிக் கணக்கில் நிற்கும். உங்கள் சொந்த வரிக்கு ஈடு செய்ய முடியாது. லாபம் முழுவதையும் சம்பளமாக எடுத்திருந்தால் கம்பெனி ரிட்டர்ன் போட்டு ரீஃபண்ட் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். குறைந்த விகிதத்தில் பிடிக்கச் சான்றிதழ் கேட்டு ஆண்டுத் தொடக்கத்திலேயே வருமான வரித்துறைக்கு விண்ணப்பிக்கலாம். இன்வாய்ஸில் வரும் 18 சதவீத ஜிஎஸ்டி எந்தக் காலத்திலும் உங்கள் பணம் அல்ல. அதைத் தனிக் கணக்கில் ஒதுக்கிவிடுங்கள்.

கம்பெனி இன்னும் தொடங்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஐடி, பொறியியல், தொழில்நுட்ப ஆலோசனை போன்ற தொழில் செய்பவர் தனிநபராகவே பில் போட்டால், 44ஏடிஏ என்று ஆடிட்டர்கள் சொல்லும் அனுமான வரிமுறையில் வரவில் பாதியை வருமானமாகக் காட்டினால் போதும். 50 லட்சம் வரவு வரை இது செல்லும். ரொக்க வரவு 5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் 75 லட்சம் வரை. அதே 40 லட்சத்துக்கு வரி 2.08 லட்சம்தான். கம்பெனிகளுக்கு இந்தச் சலுகை இல்லை. பிரைவேட் லிமிடெட்டாக இருந்தால்தான் வெண்டராகச் சேர்ப்போம் என்று கிளையன்ட் அடம்பிடிக்காதவரை அவசரப்பட வேண்டாம். கம்பெனியும் வைத்துக்கொண்டு, அதனிடமே ‘ஆலோசனைக் கட்டணம்’ வாங்கி இந்தச் சலுகையையும் பெறலாம் என்று சிலர் வழி சொல்வார்கள். முழுநேரமும் அதே கம்பெனிக்கு உழைக்கும் டைரக்டர் வாங்குவது சம்பளமா கட்டணமா என்று அதிகாரி கேட்டால் பதில் சொல்வது கடினம். ஜிஎஸ்டியும் குறுக்கே வரும். நான் அந்தப் பக்கம் போக மாட்டேன்.

சம்பளத்தை ஏப்ரலில் கொஞ்சம் குறைவாகவே, மாதம் ஒரு லட்சம் என்பதுபோல், நிர்ணயித்துக்கொள்ளுங்கள். மார்ச் மூன்றாம் வாரம் ஆடிட்டரோடு உட்கார்ந்து, வந்த இன்வாய்ஸ்களையும் மிச்ச லாபத்தையும் பார்த்து, எவ்வளவு போனஸ் என்று முடிவு செய்து, 31ஆம் தேதிக்குள் தீர்மானம் போட்டுவிடுங்கள். மார்ச் மாதத்தில் பிடித்த டிடிஎஸ்ஸைக் கட்ட ஏப்ரல் 30 வரை அவகாசம் இருக்கிறது.