வரப்பில் நின்று பார்

அன்புத் தம்பிக்கு,

நீ அனுப்பிய படங்கள் வந்தன. ஐந்தாவது படத்தில் கூட்டைவிட்டு எழுந்து நிற்கிறது சாரஸ் கொக்கு. காலடியில் நீலம் பாய்ந்த இரண்டு வெள்ளை முட்டைகள். துல்லியத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அது எதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது என்று கவனித்தாயா? உன்னைத்தான். நீ வந்ததால்தான் எழுந்திருக்கிறது. அந்தப் படத்தை எந்தப் போட்டிக்கும் அனுப்பாதே.

கடுமையாகச் சொல்கிறேன் என்றால் காரணம் இருக்கிறது. உன் வயதில் நானும் மைன்புரிப் பக்கம் ஒரு நெல்வயலில் இறங்கினேன். இன்னும் நாலு அடி, இன்னும் நாலு அடி என்று போனேன். பறவை விலகி நடந்தது. நான் லென்ஸைத் திருப்பிக்கொண்டிருந்த அந்தச் சில நிமிடங்களில் காகம் ஒன்று இறங்கி முட்டையைக் குத்திவிட்டது. இருப்பதே ஒன்றோ இரண்டோ முட்டை. ஏறத்தாழ 31 நாள் ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்க வேண்டும். அந்த ஈட்டில் பாதியை நான் அழித்தேன். அந்தச் சுருளை இன்றுவரை பிரிண்ட் போடவில்லை.

எட்டாவா, மைன்புரி வயல்களுக்கு இந்த மழைக்காலத்திலும் போகிறாய் என்று எழுதியிருந்தாய். நல்ல முடிவு. நம் நாட்டு சாரஸ்களில் பெரும்பகுதி உத்தரப் பிரதேசத்தில்தான் இருக்கிறது. போவதற்கு முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள். நம் ஊரில் கொக்கு என்றாலே வயலில் நிற்கும் வெள்ளைக் கொக்கு நினைவுக்கு வரும். சாரஸ் அந்தக் குடும்பமே இல்லை. வெள்ளைக் கொக்கு கழுத்தை மடக்கிக்கொண்டு பறக்கும். சாரஸ் கழுத்தை ஈட்டிபோல் நீட்டிப் பறக்கும். மரத்தில் உட்காராது, கிளையைப் பற்றும் அளவுக்குப் பின்விரல் இல்லை. நின்றால் ஆறடிக்குச் சற்றுக் குறைவு. பறக்கும் பறவைகளில் இதைவிட உயரமானது உலகில் கிடையாது. அவ்வளவு பெரிய உடம்பு தரையில்தான் தூங்க வேண்டும், தரையில்தான் குஞ்சு பொரிக்க வேண்டும். அதற்குச் சுற்றிலும் தண்ணீர் வேண்டும். குளமும் சதுப்பும் சுருங்கிப்போன இடத்தில் தண்ணீர் நிற்கும் நெல்வயல்தான் கதி. நெற்பயிரையும் கோரையையும் பிடுங்கிக் குவித்து இரண்டு மீட்டர் அகலத்துக்கு மேடு போடும். அந்த அளவு நெல் விவசாயிக்கு நட்டம். பெரும்பாலானவர்கள் பொறுத்துக்கொள்கிறார்கள். நீ படம் எடுக்க வேண்டியது அந்தப் பொறுமையையும்தான்.

உன் படங்கள் எல்லாவற்றிலும் பின்னணியை மங்கலாக்கிப் பறவையை மட்டும் எடுத்திருக்கிறாய். அழகுதான். ஆனால் வரப்பு, பம்ப்செட், களையெடுக்கும் பெண்கள், வயலுக்கு மேலே போகும் மின்கம்பி எதுவும் இல்லை. சாரஸ் மின்கம்பியில் மோதிச் செத்துப்போகிறது, தம்பி. கம்பி தெரியாத படத்தில் அதன் வாழ்க்கை பாதிதான் இருக்கும். இந்த முறை 600 எம்எம் லென்ஸைப் பையில் வைத்துவிட்டு, ஒரு வாரமாவது அகல லென்ஸோடு சாலையிலேயே நில்.

ஆண் எது, பெண் எது என்று கேட்டிருந்தாய். நிறத்தில் வேறுபாடு கிடையாது. இரண்டுக்கும் அதே சாம்பல் உடல், அதே சிவந்த கழுத்து. ஆண் கொஞ்சம் உயரம், அவ்வளவுதான். விடியற்காலையில் காத்திரு. ஜோடி பக்கத்தில் பக்கத்தில் நின்று அலகை வானத்துக்கு உயர்த்தும். ஒன்று இறக்கையைத் தூக்கி நீளமாக ஒரு குரல் கொடுக்கும். மற்றது அதற்குள் சுருக்கமாக இரண்டு குரல் சேர்க்கும். இறக்கை தூக்கியது ஆண். மூச்சுக்குழல் நெஞ்செலும்புக்குள் சுருண்டு கிடப்பதால் அந்த ஒலி வயல் தாண்டி, ஊர் தாண்டிக் கேட்கும். முதல் நாள் ஷட்டரைத் தொடாதே. கேட்டுக்கொண்டு மட்டும் இரு.

படக்குறிப்பில் 'துணை இறந்தால் பட்டினி கிடந்து உயிர்விடும்' என்று எழுதியிருந்தாய். அதை அடித்துவிடு. ஜோடி நீண்ட காலம் சேர்ந்து வாழ்வது உண்மை. துணையை இழந்த பறவை வேறு துணை தேடிக்கொள்வதும் உண்மை. ஆணும் பெண்ணுமாக மூன்று பெரிய பறவைகள் ஒரே குடும்பமாக வாழ்வதைக்கூட கே.எஸ். கோபி சுந்தரும் உடன் ஆய்வு செய்தவர்களும் பதிவு செய்திருக்கிறார்கள். மொகலாய மன்னர் ஜஹாங்கீர் லைலா, மஜ்னூன் என்று பெயரிட்டு ஒரு ஜோடியை வளர்த்தார். பெயர்தான் காவியம், குறிப்பில் அவர் எழுதிவைத்தது எப்போது முட்டை வந்தது, யார் எப்படி அடைகாத்தது என்பதை. நானூறு ஆண்டு கழித்தும் அதைத்தான் படிக்கிறோம்.

கூடு எந்த ஊர், எந்த வயல் என்று யாருக்கும் சொல்லாதே. ட்ரோனை வீட்டிலேயே வை.

அந்த ஐந்தாவது படத்து வயலுக்கு டிசம்பரில் மறுபடி போ. நெல் அறுத்துக் கோதுமை விதைத்திருப்பார்கள். இரண்டு பெரிய பறவைகளுக்கு நடுவே, தலையில் இன்னும் சிவப்பு ஏறாமல் துருப்பிடித்த மண்நிறத்தில் ஒன்று நிற்கிறதா என்று பார். நின்றால் முதலில் எனக்குப் போன் பண்ணு. படம் அப்புறம்.

அன்புடன்,
அண்ணன்