சித்தாண்டியிலிருந்து ஒரு சொந்த மின்னஞ்சல்

வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் ஒரு விரிவுரையாளரிடம் மின்னஞ்சல் முகவரி கேட்டால், அது பல்கலைக்கழகத்தின் சொந்தப் பெயரில் முடியும். மாவடிவேம்பைத் தாண்டி சித்தாண்டிக்கு வந்து கடை, அரிசி ஆலை, விளையாட்டுக் கழகம், கோயில் பரிபாலன சபை என்று யாரிடம் கேட்டாலும் பெரும்பாலும் ஜிமெயில்தான். பல்கலைக்கழகம் தன் அஞ்சலை நாளைக்கு எந்தக் கம்பனியிடம் ஒப்படைத்தாலும் விரிவுரையாளரின் முகவரி மாறாது. ஜிமெயில்காரருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கணக்குப் பூட்டப்பட்டால் முகவரியும் போய்விடும், அந்த முகவரியை நம்பிப் பதிந்த வங்கியும் பேஸ்புக்கும் சேர்ந்து கைவிட்டுப் போகும்.

காணிப் பிரச்சினை தெரிந்த ஊர் இது. ஜிமெயில் முகவரி, உறுதியும் பெர்மிட்டும் இல்லாமல் பிறத்தியார் வளவில் போட்ட கொட்டில். சொந்த டொமைன், அதாவது முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயர், பெர்மிட் காணி மாதிரி. வருடா வருடம் காசு கட்ட வேண்டும், ஒழுங்காகக் கட்டி வந்தால் இலேசில் யாரும் எழுப்ப மாட்டார்கள். இணையத்தில் உறுதிக் காணி கிடையாது. ஆயுளுக்கும் சொந்தம் என்று யாராவது டொமைன் விற்க வந்தால் கதவைச் சாத்துங்கள்.

பெரிய கம்பனிகளை அடியோடு விட்டுவிடச் சொல்லவில்லை. முகவரி உங்கள் பெயரில் இருக்கட்டும், அஞ்சலை நடத்துவதை யாரிடமாவது வாடகைக்கு விடலாம். 2025 ஜூலையில் இந்தியாவின் நயாரா எனர்ஜி என்ற எண்ணெய்க் கம்பனிக்கு, ஐரோப்பிய ஒன்றியத்தின் தடையைத் தொடர்ந்து மைக்ரோசொப்ட் தன் சேவைகளை நிறுத்தியது. கம்பனி டெல்லி உயர் நீதிமன்றம் போனது, சில நாளில் சேவை திரும்பியது. இடைப்பட்ட நாட்களில் அஞ்சலை ரெடிஃப் என்ற வேறொரு சேவையில் ஓட்டியதாகச் செய்திகள் வந்தன. முகவரி சொந்தமாக இருந்தால்தான் அப்படித் தாவ முடியும்.

முதலில் கணக்கெடுப்பு

ஒரு கொப்பி எடுத்து, உங்கள் ஜிமெயிலைக் கொடுத்துப் பதிந்த இடங்களை எல்லாம் எழுதுங்கள்: வங்கி, பேஸ்புக், வட்ஸ்அப்பின் இரண்டாம் கட்டப் பாதுகாப்பு, வெளிநாட்டு வேலைக்கான விண்ணப்பங்கள், பிள்ளைகளின் பரீட்சை, கற்கைநெறிப் பதிவுகள். ஒரே இருப்பில் எல்லாம் ஞாபகம் வராது. ஒரு வாரம் கொப்பியைப் பக்கத்திலேயே வைத்திருங்கள்.

கூகுளின் 'டேக்அவுட்' பக்கத்துக்குப் போய் அஞ்சலையும் தொடர்புகளையும் மட்டும் தெரிவு செய்து ஒரு பிரதி இறக்கி வையுங்கள். படங்களையும் சேர்த்தால் டேட்டா தாங்காது, அதைப் பிறகு பார்க்கலாம். 2023 டிசம்பரிலிருந்து, இரண்டு வருடம் தொடப்படாத தனிநபர் கணக்குகளைக் கூகுள் அழிக்கத் தொடங்கியிருக்கிறது. வளைகுடாவுக்குப் போனவர் ஊரில் விட்டுச் சென்ற பழைய கணக்கு இருந்தால் இன்றைக்கே ஒருமுறை திறந்து பாருங்கள்.

பெயர்

சித்தாண்டியை ஆங்கில எழுத்தில் நாலு பேர் நாலு விதமாக எழுதுகிறோம். ஆகவே ஊர்ப் பெயரை டொமைனில் வைத்தால், தொலைபேசியில் முகவரி சொல்லும்போதெல்லாம் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல வேண்டிவரும். குறுகிய பெயர், கோடும் இலக்கமும் இல்லாத பெயர் நல்லது. குடும்பத்துக்கு என்றால் ஒருவரின் பெயரை விடக் குடும்பப் பெயர் நின்று பிடிக்கும்.

முடிவில் என்ன வரவேண்டும்? 'டொட் கொம்' உலகம் முழுக்கப் பழகியது. அதன் மொத்த விலை 2024 செப்டெம்பரில் வருடத்துக்கு 10.26 அமெரிக்க டொலர் ஆனது, விற்பவர் அதற்கு மேல் கொஞ்சம் வைப்பார். முதல் வருடம் ஒரு டொலர் என்று காட்டுகிறவர் இரண்டாம் வருடம் என்ன கேட்கிறார் என்பதைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். 'டொட் எல்கே' நமது நாட்டுப் பதிவகத்தினுடையது, ரூபாயிலேயே கட்டலாம். 2021 பெப்ரவரி 6ஆம் திகதி அந்தப் பதிவகத்துக்குள் யாரோ புகுந்து, கூகுளின் இலங்கைப் பக்கம் உட்படச் சில தளங்களை வேறு பக்கத்துக்குத் திருப்பிவிட்டார்கள் என்பதும் ஞாபகத்தில் இருக்கட்டும். அதற்காக ஒதுக்க வேண்டியதில்லை. 'டொட் இலங்கை' என்று தமிழ் எழுத்திலேயே டொமைன் எடுக்கும் வழி 2010இல் வந்தது. இணையத்தளத்துக்கு ஆசையாக வாங்கலாம். மின்னஞ்சலுக்கு வேண்டாம்: தமிழ் எழுத்து முகவரியை ஏற்க மறுக்கும் படிவங்கள் இன்னும் ஏராளம்.

வாங்கும்போது

இதுதான் அதிகம் பேர் சறுக்கும் படி. இணையத்தளம் செய்து தரும் தம்பி "நான் பார்க்கிறன் அண்ணே" என்று தன் கணக்கிலேயே டொமைனையும் எடுத்துவிடுவார். பிறகு அவர் கனடாவுக்குப் போவார், அல்லது கோபித்துக்கொள்வார். டொமைன் யாருடைய கணக்கில் இருக்கிறதோ அவர்தான் சொந்தக்காரர், காசு கட்டியவர் இல்லை. தம்பியைப் பக்கத்தில் இருத்துங்கள், கணக்கை உங்கள் பெயரிலும் உங்கள் அட்டையிலும் திறவுங்கள். வங்கி அட்டையில் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவு திறந்திருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

அந்தக் கணக்குக்கான தொடர்பு மின்னஞ்சலாக, புதிதாக வாங்கும் டொமைனின் முகவரியையே கொடுக்கக் கூடாது. டொமைன் நின்றால் அந்த அஞ்சலும் நிற்கும், மீட்புக் கடிதம் வந்து சேராது. இதற்குப் பழைய ஜிமெயிலே போதும்.

இரண்டாம் கட்டப் பாதுகாப்பைக் குறுஞ்செய்தியில் வைக்க வேண்டாம். கட்டாருக்குப் போனதும் இங்கத்தைய சிம் செத்துவிடும், இலக்கம் வேறொருவர் கைக்குப் போகலாம். ஏஜிஸ் போன்ற, நுழைவுக் குறியீடு தரும் இலவசச் செயலியில் வைத்து, மீட்புக் குறியீடுகளைக் காகிதத்தில் எழுதி அடையாள அட்டைப் பிரதியோடு பெட்டியில் போடுங்கள். தானாகப் புதுப்பிக்கும் வசதியைப் போட்டுவிட்டு, முடியுமானால் ஒரேயடியாகச் சில வருடங்களுக்குக் கட்டுங்கள். டொட் கொம்முக்குப் பத்து வருடம் வரை கட்டலாம். தவணை தவறி அழிக்கப்பட்ட டொட் கொம் பெயரை மீட்க 30 நாள் இருக்கிறது, ஆனால் அப்போது கேட்கும் கட்டணம் வயிற்றைக் கலக்கும்.

அஞ்சலை யார் நடத்துவது?

வீட்டுக் கணினியில் சொந்தமாக மின்னஞ்சல் சேர்வர் நடத்தும் ஆசை படித்த பிள்ளைகளுக்கு வரும். வேண்டாம். கரண்ட் போகும், வீட்டு இணைப்புக்கு நிலையான முகவரி இராது, அங்கிருந்து போகும் கடிதங்கள் ஜிமெயிலின் ஸ்பாம் பெட்டிக்குள் விழும்.

தமிழ்நாட்டில் வளர்ந்த ஸோஹோ 2008இலிருந்து மின்னஞ்சல் சேவை நடத்துகிறது. அதன் இலவசத் திட்டம் ஒரு டொமைனுக்கு ஐந்து பேர் வரை, ஆளுக்கு 5 ஜிபி. ஆனால் 'ஐமேப்' இல்லை, அதாவது தண்டர்பேர்ட் போன்ற வெளிச் செயலியில் அஞ்சலை இறக்க முடியாது. அதனால் நான் இலவசத்தைச் சிபாரிசு செய்ய மாட்டேன். காசு கட்டத் தயார் என்றால் ஸோஹோவின் கட்டணத் திட்டம், அவுஸ்திரேலியாவின் ஃபாஸ்ட்மெயில், சுவிற்சர்லாந்தின் புரோட்டொன், மிகாடு என்று தெரிவுகள் உண்டு. பல முகவரி தேவைப்படும் சங்கங்களுக்கு மிகாடு தோதானது, அது தலைக்கு இவ்வளவு என்று அறவிடுவதில்லை. ஸோஹோவும் பெரிய கம்பனிதானே என்று கேட்பீர்கள். இருக்கட்டும். பிடிக்காவிட்டால் முகவரியோடு எழும்பிப் போகலாம்.

பதிவுகள்

டொமைன் வாங்கிய தளத்தில் 'டிஎன்எஸ்' என்ற பக்கம் இருக்கும். அஞ்சல் கம்பனி தரும் வரிகளை அங்கே ஒட்ட வேண்டும். எம்எக்ஸ், உங்கள் கடிதம் எங்கே வரவேண்டும் என்பதைச் சொல்லும். எஸ்பிஎஃப், உங்கள் பெயரில் அனுப்ப யாருக்கு உரிமை என்பதைச் சொல்லும். டிகேஐஎம் என்பது ஒவ்வொரு கடிதத்திலும் விழும் கையொப்பம். எஸ்பிஎஃப் வரி ஒன்றே ஒன்றுதான் இருக்கலாம். இரண்டு போட்டால் இரண்டும் பழுது. இந்தச் சோதனைகளில் தவறும் கடிதத்தை என்ன செய்வது என்பதைச் சொல்லும் டிமார்க் வரியை முதலில் 'கண்காணிப்பு மட்டும்' என்ற நிலையில் வையுங்கள். 2024 பெப்ரவரியிலிருந்து கூகுளும் யாகூவும் இந்த விஷயத்தில் கடுமை காட்டுகின்றன, ஆகவே எதையும் விடாதீர்கள்.

சில மணித்தியாலம் பொறுத்து ஒரு ஜிமெயிலுக்குக் கடிதம் போட்டு, கணினியில் திறந்து, மூன்று புள்ளிப் பட்டியலில் 'ஷோ ஒரிஜினல்' அழுத்திப் பாருங்கள். எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றுக்கும் நேரே 'பாஸ்' இருந்தால் வேலை முடிந்தது.

குடிபெயர்தல்

ஜிமெயிலை மூடாதீர்கள். அதன் அமைப்பில் புதிய முகவரிக்கு அஞ்சலைத் திருப்பிவிடும் வசதி உண்டு. போட்டுவிட்டு, கொப்பியில் எழுதிய பட்டியலை மேலிருந்து மாற்றிக்கொண்டு வாருங்கள். வங்கி முதலில். பழைய கடிதங்கள் வேண்டுமென்றால் தண்டர்பேர்டில் இரண்டு கணக்கையும் சேர்த்து, ஒன்றிலிருந்து மற்றதுக்கு இழுத்துப் போடலாம். பழைய முகவரி ஒரு வருடமாவது உயிரோடு இருக்கட்டும்.

மாறிய பிறகு பிரதி எடுப்பது உங்கள் பொறுப்பு. நமது அரசாங்கமே இதில் அடி வாங்கியிருக்கிறது. 2023 ஓகஸ்டில் அரச மின்னஞ்சல் மீது நடந்த, கோப்புகளைப் பூட்டிக் கப்பம் கேட்கும் ரான்சம்வெயார் தாக்குதலில், அமைச்சரவை அலுவலகம் உட்படச் சுமார் 5,000 முகவரிகளின் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அஞ்சல்கள் அழிந்தன. காலாவதியான மென்பொருள், அந்த நாட்களுக்கான பிரதி இல்லை. மாதம் ஒருமுறை தண்டர்பேர்டில் எல்லாவற்றையும் இறக்கி, வெளி ஹார்ட் டிஸ்க்கில் போட்டு, டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள்.

மற்றச் சேவைகளுக்கு அவசரம் இல்லை. டேட்டா இல்லாமலே ஓடும் ஓர்கானிக் மேப்ஸ், உலாவிக்கு பயர்பொக்ஸ், படங்களுக்கு அதே ஹார்ட் டிஸ்க். வட்ஸ்அப்பை விட முடியாது, குடும்பத்தில் பாதி அதில்தான் இருக்கிறது. ஆனால் 2018 மார்ச்சிலும் 2019 ஏப்ரலிலும் 2022 ஏப்ரலிலும் அரசாங்கம் சமூக ஊடகங்களைத் தடுத்தபோது மின்னஞ்சல் அந்தப் பட்டியலில் இருக்கவில்லை. வெளிநாட்டில் உள்ளவர்களின் மின்னஞ்சல் முகவரிகளையும் ஒரு காகிதத்தில் எழுதி வையுங்கள்.

சங்கங்களுக்குத்தான் இது மிக அவசியம். தலைவர் மாறும்போது கடவுச்சொல்லும் அவரோடு போய்விடுகிறது. தலைவர், செயலாளர், பொருளாளர் என்று பதவிப் பெயரிலேயே முகவரி வைத்தால் ஆள் மாறினாலும் முகவரி மாறாது. அடுத்த பொதுக்கூட்டத்தில் கணக்குப் புத்தகம், முத்திரை, வங்கிப் புத்தகம் ஆகியவற்றோடு டொமைன் கணக்கையும் புதிய நிர்வாகத்திடம் கையளிக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டு, அறிக்கைப் புத்தகத்தில் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள்.