பாடம் 6: ஆங்கில வாக்கியத்தில் சிறு சொல்லைக் கவனியுங்கள்

சொந்த ஊருக்குத் திரும்பும் குடும்பங்களின் கைக்கு வரும் தாள்களில் சில ஆங்கிலத்தில் இருக்கும். வீட்டுச் சேத மதிப்பீடு, மிதிவெடி அகற்றல் அறிவித்தல், வங்கிக் கடிதம், தொண்டு நிறுவனப் பதிவு என எதை எடுத்தாலும் ஒரே மாதிரியான வாக்கியமே திரும்பத் திரும்ப வரும். அதை விளங்கிக்கொள்ள ஆங்கிலம் முழுவதும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. இந்தப் பாடத்தில் ஆங்கில ஒலியைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். பாடசாலை செல்லும் பிள்ளைகளோடு சேர்ந்து வாசியுங்கள்.

1. ‘செய்தார்’ அல்ல, ‘செய்யப்பட்டது’

‘அலுவலர் படிவத்தைப் பதிந்தார்’ என்பது செய்வினை. ‘படிவம் பதியப்பட்டது’ என்பது செயப்பாட்டு வினை. இரண்டாவதில் பதிந்தவர் யார் என்பது சொல்லப்படவில்லை. அலுவலகத் தாள்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையிலேயே எழுதப்படுகின்றன.

தமிழில் ‘படு’ என்பது செய்யும் வேலையை, ஆங்கிலத்தில் ஒரு துணைவினையும் முக்கிய வினையின் மூன்றாம் வடிவமும் சேர்ந்து செய்கின்றன.

• த போர்ம் வொஸ் ரெஜிஸ்டர்ட். (படிவம் பதியப்பட்டது.)

இதில் ‘வொஸ்’ துணைவினை. ‘ரெஜிஸ்டர்ட்’ முக்கிய வினை. ‘வொஸ்’ இருக்கும் இடத்தில் ‘இஸ்’, ‘ஆர்’, ‘வேர்’, ‘ஹேஸ் பீன்’, ‘வில் பீ’ என்பனவும் வரலாம்.

2. இடையில் நிற்கும் சொல்

வினை எப்படி, எவ்வளவு, எப்போது நடந்தது என்று சொல்வது வினையடை. ஆங்கில வினையடைகளில் பல ‘லி’ என்ற ஒலியில் முடியும். செயப்பாட்டு வாக்கியத்தில் இது பெரும்பாலும் துணைவினைக்கும் முக்கிய வினைக்கும் நடுவே நிற்கும். சிறிய சொல்தான், ஆனால் வாக்கியத்தின் பலன் அதிலேயே தங்கியிருக்கிறது.

எவ்வளவு என்று சொல்லும் சொல், முக்கிய வினைக்குச் சற்று முன்னே வரும்.

• த ஹவுஸ் வொஸ் கம்ப்ளீட்லி டமேஜ்ட். (வீடு முழுமையாகச் சேதமாக்கப்பட்டது.)
• த ஹவுஸ் வொஸ் பார்ஷலி டமேஜ்ட். (வீடு பகுதியளவில் சேதமாக்கப்பட்டது.)

இரண்டு வாக்கியங்களுக்கும் ஒரு சொல்தான் வித்தியாசம். 2004 ஆழிப்பேரலைக்குப் பின்னர் வழங்கப்பட்ட வீட்டு உதவியில், முழுமையாகச் சேதமடைந்த வீட்டுக்கு 250,000 ரூபாவும், பகுதியளவில் சேதமடைந்த வீட்டுக்கு 100,000 ரூபாவும் என்று ஒதுக்கப்பட்டது. அந்த ஒரு சொல்லின் பெறுமதி 150,000 ரூபா!

ஏமாற்றும் சொல் ஒன்றும் இருக்கிறது.

• த ஹவுஸ் வொஸ் ஹெவிலி டமேஜ்ட். (வீடு கடுமையாகச் சேதமாக்கப்பட்டது.)
• த ஹவுஸ் வொஸ் ஹாட்லி டமேஜ்ட். (வீட்டுக்குச் சேதம் இல்லையென்றே சொல்லலாம்.)

‘ஹாட்’ என்றால் கடினம் என்று பலருக்கும் தெரியும். அதனால் ‘ஹாட்லி’ என்பதையும் ‘கடுமையாக’ என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் அதன் பொருள் நேர்மாறு. கூரையில்லாத வீட்டின் படிவத்தில் இந்தச் சொல்லைக் கண்டால், கையொப்பம் இடுவதற்கு முன் திருத்தச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே நடந்துவிட்டது என்று சொல்லும் ‘ஓல்ரெடி’, முதலாவது துணைவினைக்கு அடுத்து வரும்.

• யுவர் நேம் ஹேஸ் ஓல்ரெடி பீன் ரெஜிஸ்டர்ட். (உங்கள் பெயர் ஏற்கெனவே பதியப்பட்டுள்ளது.)

நேற்று, நாளை போன்ற சொற்கள் பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசிக்குப் போய்விடும்.

• த மணி வில் பீ பெய்ட் டுமொரோ. (பணம் நாளை கொடுக்கப்படும்.)

3. ‘இல்லை’ முன்னே வந்துவிடும்

தமிழில் ‘இல்லை’ வாக்கியத்தின் முடிவில் வரும். ‘இந்த இடத்தில் மிதிவெடிகள் இன்னும் அகற்றப்படவில்லை’ என்று கடைசிவரை கேட்டால்தான் முடிவு தெரியும். நமது காது அதற்கே பழகியிருக்கிறது. ஆங்கிலத்தில் ‘நொட்’ முன்னமே வந்துவிடும். முடிவில் வேறு சொல் நிற்கும்.

• திஸ் ஏரியா ஹேஸ் நொட் யெட் பீன் கிளியர்ட். (இந்தப் பகுதி இன்னும் துப்புரவாக்கப்படவில்லை.)

கடைசியில் கேட்கும் ‘கிளியர்ட்’ என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு காணிக்குள் இறங்குவது உயிருக்கே ஆபத்து. இன்னும் இரண்டு வாக்கியங்களைப் பாருங்கள்.

• திஸ் ஏரியா ஹேஸ் பீன் பார்ஷலி கிளியர்ட். (இந்தப் பகுதி ஓரளவே துப்புரவாக்கப்பட்டுள்ளது.)
• திஸ் ஏரியா ஹேஸ் நொட் பீன் புல்லி கிளியர்ட். (இந்தப் பகுதி முழுமையாகத் துப்புரவாக்கப்படவில்லை.)

முதலாவதில் ‘நொட்’ இல்லை, இரண்டாவதில் இருக்கிறது. ஆனால் இரண்டும் சொல்வது ஒன்றே: மிதிவெடி இன்னும் இருக்கலாம். விறகு பொறுக்கவோ, மாடு தேடவோ, கிணறு பார்க்கவோ உள்ளே போகாதீர்கள். மண்டையோட்டுப் படம் உள்ள சிவப்புப் பலகையைத் தாண்டாதீர்கள். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல் கிராம அலுவலருக்கோ பொலிசாருக்கோ அறிவியுங்கள்.

4. மறைந்திருப்பவரைக் கேளுங்கள்

செயப்பாட்டு வாக்கியம் செய்தவரை மறைக்கும் என்று பார்த்தோம். அவரைச் சொல்ல வேண்டுமானால் ஆங்கிலத்தில் ‘பை’ என்ற சொல்லோடு சேர்த்துச் சொல்வார்கள். ‘யுவர் பைல் ஹேஸ் ஓல்ரெடி பீன் சென்ட்’ (உங்கள் கோவை ஏற்கெனவே அனுப்பப்பட்டுவிட்டது) என்று பதில் கிடைத்தால் அதோடு திரும்பிவிடாதீர்கள். யாரால் அனுப்பப்பட்டது, எந்த அலுவலகத்துக்கு, எந்தத் திகதியில் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ‘சூன்’ (விரைவில்) என்று சொன்னால் திகதி கேளுங்கள். ‘டெம்பரரிலி’ (தற்காலிகமாக) என்று இருந்தால், எதுவரை என்று கேளுங்கள்.

5. பயிற்சி

கீழுள்ள வாக்கியங்களில் நடுவில் நிற்கும் சொல்லைக் கண்டுபிடித்து, பொருளைச் சொல்லிப் பாருங்கள்.

அ. த வெல் வொஸ் ரீசன்ட்லி கிளீன்ட்.
ஆ. யுவர் பேமிலி ஹேஸ் பீன் டெம்பரரிலி ரெஜிஸ்டர்ட்.
இ. த ரோட் ஹேஸ் நொட் யெட் பீன் ஓபன்ட்.

விடைகள்:
அ. ரீசன்ட்லி. கிணறு அண்மையில் இறைத்துத் துப்புரவாக்கப்பட்டது.
ஆ. டெம்பரரிலி. உங்கள் குடும்பம் தற்காலிகமாகப் பதியப்பட்டுள்ளது. நிரந்தரப் பதிவு இனித்தான் நடக்க வேண்டும்.
இ. நொட் யெட். பாதை இன்னும் திறக்கப்படவில்லை.

நினைவில் வைத்திருங்கள்

இலங்கை அரசியலமைப்பின்படி சிங்களமும் தமிழும் அரசகரும மொழிகள். ஆங்கிலம் இணைப்பு மொழி. வடக்கு, கிழக்கு மாகாணங்களில் தமிழ் நிர்வாக மொழியாகவும் இருக்கிறது. ஆகவே விளங்காத தாளைத் தமிழில் தரும்படி கேட்பதற்கு நீங்கள் கூச்சப்படத் தேவையில்லை. அதுவரை, நடுவில் நிற்கும் அந்தச் சிறு சொல்லுக்கு அடியில் பென்சிலால் ஒரு கோடு இடுங்கள். அதன் பொருளைத் தெரிந்துகொண்ட பின்னரே கையொப்பம் இடுங்கள். காலடி எடுத்து வையுங்கள்.