பட்டு நூல் சுற்றிய குச்சிகள்

"எம் பேரன் செவப்பக் காட்டுனா பச்சைங்கறான் டீச்சர். கண்ணுல ஏதாச்சும் கோளாறா இருக்குமா?" ராஜகுளம் பால்வாடியில் புதுப் பிள்ளைகள் சேரும்போதெல்லாம் பாட்டிமார் யாராவது இப்படிக் கேட்டுவிடுவார்கள். மூன்று வயதில் இது சகஜம். நிறம் கண்ணுக்குத் தெரிகிறது, பெயர்தான் இன்னும் பிடிபடவில்லை. அதனால் பெயரைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் எல்லோருக்கும் சொல்கிறேன். முதலில் கைக்கு வேலை கொடுக்க வேண்டும்.

நான் பயன்படுத்துவது ஐஸ் குச்சிகள். எங்கள் பக்கத்துத் தறி வீடுகளில் மிஞ்சும் பட்டு நூலைக் கேட்டால் ஒரு பிடி தருவார்கள். நிறத்துக்கு இரண்டு குச்சி எடுத்து, நூலை இடைவெளி இல்லாமல் சுற்றி, நுனியைப் பசையால் நன்றாக ஒட்டிவிட வேண்டும். நூல் பிரிந்தால் வாய்க்குப் போய்விடும். எல்லாக் குச்சியும் ஒரே அளவில் இருக்க வேண்டும். தக்காளியையும் வேப்பிலையையும் நீட்டினால் பிள்ளை உருவத்தை வைத்தே பிரித்துவிடும், நிறத்தைப் பார்க்கவே பார்க்காது. மரியா மாண்டிசோரியும் தொடக்கத்தில் பட்டு நூல் சுற்றிய சிறு பலகைகளைத்தான் வைத்திருந்தார். 1939-இல் அடையாறுக்கு வந்து நம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் அவர். பட்டு நெய்யும் ஊர்க்காரர்கள் விலை கொடுத்து பிளாஸ்டிக் பெட்டி வாங்குவதைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கும்.

சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று ஜோடி போதும். பாயில் கலைத்துப் போட்டு, ஒன்றை எடுத்து, "இதோட ஜோடி எங்க?" என்று கேளுங்கள். பிள்ளை ஒவ்வொரு குச்சியாகப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும். ஒத்துப்போனதும் நம் முகத்தைப் பார்க்கும். அது கைவந்த பிறகு, "இது சிவப்பு, இது மஞ்சள்" என்று சொல்லிக் கொடுங்கள். அடுத்து, "மஞ்சளை எடுத்து என் கையில குடு." அதில் தடுமாற்றம் நின்ற பிறகுதான், "இது என்ன?" என்ற கேள்வி. வருகிற விருந்தாளியெல்லாம் எடுத்த எடுப்பிலேயே "இது என்ன கலர்?" என்று கேட்டால் பிள்ளை வாய்க்கு வந்த பெயரைச் சொல்லும். அந்தப் பேரன் சிவப்பைப் பச்சை என்றதும் அப்படித்தான். தவறாகச் சொன்னால் "தப்பு" என்று சொல்லாதீர்கள். குச்சிகளைக் கலைத்துவிட்டு ஜோடி விளையாட்டுக்குத் திரும்புங்கள்.

இந்த மூன்றும் பழகிவிட்டால் பச்சைக்குப் போகலாம். அதற்கு வயல் வரப்பே போதும். நாற்றங்கால், வாழைக் குருத்து, வேப்பங்கொழுந்து, முற்றிய இலை எல்லாம் பச்சைதான். ஆளுக்கொரு இலை பறித்து வந்து, வெளிறியதிலிருந்து அடர்ந்தது வரை வரிசையாக அடுக்கச் சொல்வேன். பெரியவர்களே இதில் சண்டை போடுவார்கள்.

பிள்ளைகள் கூச்சல் போடுகிற நாள் ஆரத்தி நாள். வெள்ளைத் தட்டில் மஞ்சள் தண்ணீர். அதில் நான் கொஞ்சம் சுண்ணாம்புத் தெளிநீர் விட்டதும் சிவந்துவிடும். மேலே எலுமிச்சைச் சாறு பிழியப் பிழிய மறுபடி மஞ்சளாகும். மஞ்சளில் உள்ள குர்குமின் காரம் பட்டால் சிவக்கும், புளிப்பு சேர்ந்தால் பழைய நிறத்துக்கு வந்துவிடும். சுண்ணாம்பைப் பிள்ளைகள் கையில் கொடுக்கவே கூடாது, கண்ணில் பட்டால் ஆபத்து. தொட்டு விளையாட வேண்டுமென்றால் சங்குப்பூ ஊறிய தண்ணீர் நல்லது. நீலத்தில் எலுமிச்சை விட்டால் ஊதாவாகி, பிறகு ரோஸாகும்.

நாலரை, ஐந்து வயதாகியும் பெயர் மட்டுமல்ல, ஜோடி சேர்ப்பதிலேயே சிவப்பும் பச்சையும் திரும்பத் திரும்ப மாறினால் பார்வையைச் சோதிக்க வேண்டும். இந்த நிறக்குறை பெரும்பாலும் தாய்வழி மரபணுவில் வருவது, ஆண் பிள்ளைகளுக்கே அதிகம். அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறை வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடம் சொல்லுங்கள். அந்தப் பிள்ளையின் கிரேயான்களில் சிவப்புக்குத் தக்காளி, பச்சைக்கு இலை என்று சிறு படம் ஒட்டிக் கொடுங்கள். மற்றவர்களோடு சேர்ந்து தயங்காமல் வரையும்.