கனெக்டட் காருக்கு 1.5 லட்சம் கூடக் கொடுக்கலாமா? ஒரு இண்டூர் தம்பியின் கணக்கு

வருமான வரி ரிட்டர்ன் வேலைக்காக என்னிடம் வரும் தம்பி ஒருத்தர் இருக்கார். சொந்த ஊர் தருமபுரி பக்கம் இண்டூர், வேலை ஓசூரில். முதல் கார் வாங்கப் போறார். நடு வேரியண்ட் எடுக்கலாம்னு முடிவு பண்ணி ஷோரூம் போனவர், டாப் வேரியண்ட் கொட்டேஷனோட திரும்பி வந்தார். வித்தியாசம் 1.5 லட்சம்.

ஏன்னு கேட்டேன். "அப்பாவை அடிக்கடி சேலம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும் சார். தொப்பூர் கணவாய் இறங்கணும். கனெக்டட் கார்னா சேஃப்டின்னு சொன்னாங்க."

தொப்பூர் பேரைக் கேட்டா அந்தப் பக்கத்துக்காரங்க யாருக்கும் வயிறு கலங்கும். சும்மா பயம் இல்லை. 2024 ஜனவரி 24 அன்று கட்டுப்பாடு இழந்த லாரி முன்னால் போன வண்டிகள் மேல் மோதி நாலு பேர் இறந்தாங்க. அதனால் 'வீண் செலவு'ன்னு ஒரே வார்த்தையில் ஒதுக்க எனக்கு மனசு வரலை. அந்த 1.5 லட்சம் உண்மையில் எதை வாங்குதுன்னு முதலில் பார்ப்போம்.

காருக்குள்ளே எஞ்சின், பிரேக், ஏர்பேக் எல்லாத்துக்கும் தனித்தனி சின்னக் கம்ப்யூட்டர் உண்டு. அவை தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பாதைக்குப் பெயர் கேன் பஸ். பாஷ் நிறுவனம் 1986-ல் வெளியிட்டது. இது இன்று பேஸ் மாடலிலும் இருக்கு, இதுக்கு நீங்க தனியா காசு கொடுக்கிறதில்லை. 'கனெக்டட்' என்றால் இதோட ஒரு இ-சிம் வைத்த பெட்டி சேருது. அது காரில் இருந்து தகவலை எடுத்து கம்பெனி சர்வருக்கு அனுப்பும், உங்க போன் ஆப் சர்வரைக் கேட்கும். வண்டி எங்கே நிக்குது, கதவு பூட்டியிருக்கா, ஏசியை முன்கூட்டியே போடலாமா, இதெல்லாம் அப்படித்தான் நடக்குது. 2019-ல் ஹூண்டாய் வென்யூவும் எம்ஜி ஹெக்டரும் வந்த பிறகுதான் நம்ம ஊரில் இது பரவலாச்சு.

கவனிங்க, கார் பேசுறது சர்வரோட. பக்கத்தில் வர்ற லாரியோட இல்லை. வண்டியும் வண்டியும் நேரடியாகப் பேசும் தொழில்நுட்பம் வேறு. வி2எக்ஸ் என்பார்கள், உலகம் முழுக்க ஆராய்ச்சி நடக்குது. தொப்பூர் இறக்கத்தில் பின்னால் பிரேக் போன லாரி ஒண்ணு, "நான் வர்றேன், விலகு"ன்னு முன்னால் போற காருக்குச் சொல்லணும்னா அதுதான் வேணும். அது இந்தக் கொட்டேஷனில் இல்லை. முன்னால் இருக்கிற வண்டியைப் பார்த்துத் தானா பிரேக் போடும் வசதி கேமராவும் ரேடாரும் பார்த்துச் செய்வது, சிம் தேவையில்லை. நல்ல வசதிதான், ஆனா பின்னால் வர்ற லாரியை அது நிறுத்தாது. விபத்து நடந்தால் தானே அழைக்கும் எஸ்ஓஎஸ் வசதி மட்டும் சிம்மை நம்பியது. அதுக்கு மதிப்பு உண்டு, மறுக்கலை. மயங்கின நிலையில் யாரும் போன் எடுக்க முடியாது இல்லையா.

இப்ப பணம். 1.5 லட்சம், 9.5% வட்டி, 5 வருஷம் என்றால் இஎம்ஐ சுமார் 3,150 ரூபாய் கூடும். மொத்தம் 1.89 லட்சம் கட்டி முடிப்பீங்க. சொந்த உபயோகத்துக்கான பெட்ரோல் கார் லோன் வட்டிக்குச் சம்பளக்காரருக்கு வரிச்சலுகை ஒரு பைசா கிடையாது. (இருக்குன்னு ஷோரூமில் சொன்னால் சட்டப்பிரிவு எண் கேளுங்க.) தம்பியோட கொட்டேஷனில் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருந்தது: கனெக்டட் சேவை இலவசம் 3 வருஷம். லோன் 5 வருஷம். நாலாவது வருஷத்திலிருந்து இஎம்ஐயும் கட்டணும், சேவை வேணும்னா சந்தாவும் கட்டணும். சந்தா கட்டலைன்னா எஸ்ஓஎஸ் உட்பட அந்தப் பெட்டி சும்மா கிடக்கும்.

இன்னொரு செலவு கொட்டேஷனிலேயே வராது. உங்க டிரைவிங் தகவல் யார் கைக்குப் போகுதுன்னு பார்க்கணும். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கார்கள் திரட்டின தகவல், தரவு நிறுவனங்கள் வழியா இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்குப் போனதை 2024 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்டது. ஒருத்தருக்குப் பிரீமியம் 21% ஏறியிருக்கு. ஏன்னு தேடிப்போனா, அவரைப் பற்றிய அறிக்கை 258 பக்கம்! எப்ப கிளம்பினார், சடன் பிரேக் போட்டாரா எல்லாம் அதில். நம்ம நாட்டில் 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கு. ஆனாலும் டெலிவரி நாளில் ஆப்பில் 'ஒப்புக்கொள்கிறேன்' அழுத்துறது நீங்கதான். படிச்சிட்டு அழுத்துங்க.

இதே தகவல் நமக்கு லாபமாகவும் ஆகலாம். 2022 ஜூலையில் ஐஆர்டிஏஐ அனுமதி கொடுத்த பிறகு, ஓடும் கிலோமீட்டருக்கு ஏற்ப ஓன் டேமேஜ் பிரீமியம் குறையும் திட்டங்கள் வந்திருக்கு. தேர்ட் பார்ட்டி பிரீமியம் குறையாது, அது அரசு நிர்ணயிப்பது. தம்பி வாராவாரம் இருநூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுவார், அவருக்குச் சரிவராது. ஆபீசுக்குப் பஸ்ஸில் போய், காரை ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுக்கிறவங்க அவசியம் விசாரிங்க. வாங்கின கிலோமீட்டர் தீர்ந்த பிறகு டாப்-அப் செய்யாமல் ஓட்டி இடிச்சா கிளெய்மில் சிக்கல் வரும், அதையும் கேட்டுக்குங்க.

உண்மையில் தம்பிக்குப் பணம் மிச்சம் பண்ணித் தரப்போற வசதி கண்ணாடியில் ஒட்டும் ஃபாஸ்டேக்தான். அதில் பேட்டரியும் இல்லை, சிம்மும் இல்லை. சுங்கச்சாவடி ரீடர் அனுப்பும் ரேடியோ அலையிலேயே விழிச்சு தன் எண்ணைச் சொல்லும், அவ்வளவுதான். 2025 ஆகஸ்ட் 15-ல் தனியார் கார், ஜீப், வேன்களுக்கு வருடாந்திர பாஸ் வந்தது. அறிமுகமானபோது 3,000 ரூபாய்க்கு 200 பயணம் அல்லது ஒரு வருஷம், எது முதலில் வருதோ அது. இப்போதைய தொகையை ராஜ்மார்க்யாத்ரா ஆப்பில் பாருங்க. இங்கே ஒரு சுங்கச்சாவடியைத் தாண்டினால் ஒரு பயணம். போய்வந்தால் இரண்டு.

கணக்கு சுலபம். பாஸ் தொகையை உங்க ஒற்றைப் பயணக் கட்டணத்தால் வகுங்க. கட்டணம் 100 ரூபாய்னா 30 தடவை தாண்டினாலே 3,000 வந்துடும். தம்பி வெள்ளிக்கிழமை வந்து திங்கள் திரும்புறார். 24 மணி நேரத்துக்குள் திரும்பினால் கிடைக்கும் சலுகை அவருக்கு இல்லை. கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியை மட்டும் வருஷத்துக்கு நூறு தடவை தாண்டுவார். சேலம் பயணங்கள் தனி. பாஸ் தேசிய நெடுஞ்சாலை, விரைவுச்சாலை சாவடிகளுக்கு மட்டும்தான், மாநில நெடுஞ்சாலைக்குச் செல்லாது. வீடு சாவடியிலிருந்து 20 கி.மீ.க்குள் இருந்தால் உள்ளூர்வாசி மாதப் பாஸ் தனியா உண்டு, அதையும் ஒப்பிட்டுப் பாருங்க.

தம்பிக்கு நான் சொன்னது இதுதான். ஆறு ஏர்பேக், இஎஸ்சி எந்த வேரியண்ட்டில் ஆரம்பிக்குதுன்னு பார்த்து அதுக்குக் கீழே இறங்காதீங்க. தொப்பூரில் கியரில் இறங்குங்க, பின்னால் லாரி ஒட்டி வந்தால் வழி விட்டுடுங்க. 112, நெடுஞ்சாலை உதவி எண் 1033 இரண்டையும் அப்பா போனிலும் சேமிச்சு வையுங்க. எஸ்ஓஎஸ் வேணும்னு மனசு சொன்னால், நாலாவது வருஷச் சந்தா எவ்வளவுன்னு எழுத்தில் வாங்கிட்டு முடிவு பண்ணுங்க.

நேத்து போன் பண்ணினார். "எழுத்தில் கேட்டேன் சார், மேனேஜரைக் கேட்டுச் சொல்றோம்னாங்க. நாலு நாளாச்சு." நடு வேரியண்ட்டுக்கு அட்வான்ஸ் கட்டிட்டாராம்.