களாவுக்கு எத்தனை மார்க்?

ஆனி மாதம் ஆம்பூரில் ஒரு கூறு களாப்பழம் தின்றவர், தை மாதம் சூரைப்பழத்தை வாயில் போட்டுக்கொண்டு, "களாவைவிட இதுதான் உசத்தி" என்று சொன்னால் நம்பாதீர்கள். ஏழு மாதத்துக்கு முந்தைய ருசியை எந்த நாக்கும் அப்படியே வைத்திருக்காது. காட்டுப் பழங்களை வரிசைப்படுத்துவதில் உள்ள சிக்கலே இதுதான். மாம்பழம் என்றால் பங்கனப்பள்ளியையும் அல்போன்சாவையும் ஒரே தட்டில் அறுத்து வைத்துப் பார்த்துவிடலாம். இங்கே நாவல் உதிரும் காலத்தில் இலந்தை சரியாகப் பூத்துக்கூட இருக்காது.

இதற்கு நான் பிடித்துக்கொண்ட வழி, வருஷம் முழுக்க மாறாத மூன்று சாட்சிகளை ஒரு டப்பாவில் வைத்துக்கொள்வது. ஒரு துண்டு வெல்லம், கொஞ்சம் பழம்புளி, ஒரு கடுக்காய். வெல்லத்தின் இனிப்பு 10, புளியின் புளிப்பு 10, கடுக்காயின் துவர்ப்பு 10. எந்த மாதம் எந்தப் பழம் கிடைத்தாலும் இந்த மூன்றோடு ஒப்பிட்டு எண் போட்டு வையுங்கள். அப்புறம் ஆனியும் தையும் ஒரே நோட்டில் பக்கத்துப் பக்கத்தில் உட்காரும்.

கடுக்காயை ஏன் எடுத்தேன் என்று வேலூர்க்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. குரோம் உப்பு வந்து டேனரிகளைப் பிடிப்பதற்கு முன், இந்தப் பக்கத்துத் தோல் ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறிப் பதமாகி, கடைசியாகக் கடுக்காய்த் தண்ணீரில் முங்கி எழுந்துதான் கப்பல் ஏறியது. பிற்பாடு ஆவாரையின் இடத்தை வாட்டில் மரப்பட்டை பிடித்தது. பட்டையிலும் கடுக்காயிலும் உள்ள துவர்ச்சத்து தோலின் புரதத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்; பிறகு தோல் அழுகாது. அதே சத்து நம் எச்சிலில் உள்ள புரதத்தையும் பிடித்துக்கொள்வதால்தான் கடுக்காயைக் கடித்ததும் வழுவழுப்பு போய், நாக்கு சொரசொரவென்று இழுக்கிறது. பச்சை நாவற்காயைக் கடித்த பையனின் வாய்க்குள் நடப்பதும் சின்ன அளவில் தோல் பதனிடும் வேலைதான்.

எங்கே தேடுவது

காட்டுக்குள் போவதற்கு முன் பஸ் ஸ்டாண்டு வாசலில் தேடுங்கள். கூடையோடு உட்கார்ந்திருக்கும் ஆயாக்கள்தான் இந்தப் பக்கத்தின் பழப் பஞ்சாங்கம். பங்குனி, சித்திரையில் கொடுக்காப்புளி. ஆனி, ஆடியில் களா, நாவல், ஈச்சம்பழம். ஆவணியில் பிள்ளையார் சதுர்த்தியை ஒட்டி விளாம்பழம். மழை முடிகிற சமயத்தில் காரை, அதன் பின்னே சூரை. மார்கழி முதல் மாசி வரை இலந்தை. ஊருக்கு ஊர் பத்து நாள் முன்னே பின்னே இருக்கும். என்ன பழம், என்ன பெயர், எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று மூன்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பெயரை அவர்கள் சொன்னபடியே எழுதுங்கள். நாவலை நாகப்பழம் என்றால் நாகப்பழம் என்றே இருக்கட்டும்.

அடுத்தது ஆடு மேய்ப்பவர்கள். பாலமதி, அமிர்தி, ஏலகிரி அடிவாரம், ஆலங்காயத்திலிருந்து காவலூர் ஏறும் வழி என்று வறண்ட குன்றுகள் நம்மைச் சுற்றிலும் இருக்கின்றன. எந்தப் புதரில் எது பழுத்திருக்கிறது என்று ஆட்டுக்கு அடுத்தபடியாகத் தெரிந்தவர் அவர்தான். ஆனால் இந்தக் குன்றுகளில் பெரும்பகுதி காப்புக்காடு. வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே நுழைவது குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீக்குப் பிறகு மலையேற்றத்துக்குத் தனி விதிகளே வந்துவிட்டன. ஏரிக்கரை, வண்டிப்பாதை, பட்டா நிலத்து வேலி, கோயில் குன்று இவையே முதல் இரண்டு வருஷத்துக்குப் போதும். ஜவ்வாது மலையில் சிறு வனப்பொருள் சேகரிக்கும் உரிமை 2006 வன உரிமைச் சட்டப்படி அங்குள்ள மலையாளிப் பழங்குடியினருக்கு உரியது. அங்கே போனால் பறிக்காதீர்கள், அவர்களிடம் காசு கொடுத்து வாங்குங்கள்.

நம் ஊருக்கென்றே ஒரு விதி உண்டு. டேனரிக் கால்வாய் ஓரத்திலும், கழிவு கொட்டிய பழைய மேடுகளிலும், அந்தத் தண்ணீர் பாய்ந்த பாலாற்றுக் கரையிலும் எது பழுத்துத் தொங்கினாலும் கை வைக்காதீர்கள். சுத்திகரிக்காத தோல் கழிவு பாலாற்றையும் கிணறுகளையும் என்ன செய்தது என்பதை வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் விரிவாகவே எழுதியிருக்கிறது. கறுகறுவென்ற நாவற்பழம் குரோமியத்தைக் காட்டிக்கொடுக்காது.

எதை வாயில் வைக்கக் கூடாது

உள்ளூர்க்காரர் இருவர், ஒருவர் சொன்னது மற்றவருக்குத் தெரியாமல், ஒரே பெயரைச் சொல்லி, "சின்ன வயசுல தின்னிருக்கோம்" என்றும் சொன்னால்தான் அது என் நோட்டில் ஏறும். இலை, முள், பூ, காய் நான்கையும் படம் எடுத்து, கல்லூரித் தாவரவியல் ஆசிரியர் யாரிடமாவது காட்டுங்கள். திருச்சி ராபினாட் ஹெர்பேரியத்தில் இருந்துகொண்டு பாதிரியார் கே. எம். மேத்யூ 1980களில் வெளியிட்ட தமிழ்நாடு கர்நாடிக் பகுதித் தாவரத் தொகுதி கிடைத்தால் இன்னும் நல்லது. "நுனி நாக்கில் தொட்டுப் பார்த்தால் தெரியும்" என்பவரோடு சேர வேண்டாம்.

பறவை தின்கிறது, நாமும் தின்னலாம் என்பது சுத்தப் பொய். ஈயாதவர் செல்வத்துக்கு உவமையாகச் சொல்வார்களே, அந்த எட்டிப்பழம் சின்ன ஆரஞ்சு மாதிரி அத்தனை அழகாக இருக்கும். வௌவாலும் இருவாச்சியும் அதன் சதையைத் தின்னும். நமக்கு அதன் கொட்டை எமன். குன்றிமணியும் அரளிக்காயும் அப்படியே. காட்டாமணக்குக் கொட்டை இன்னும் மோசம். கடலை மாதிரி ருசியாகவே இருப்பதால் பிள்ளைகள் கைநிறையத் தின்றுவிடுவார்கள். மணத்தக்காளியும் சிறுபூனைக்காலியும் நன்றாகப் பழுத்தால் மட்டும்; காயாக வேண்டாம். யாராவது தவறித் தின்றுவிட்டால் 108ஐக் கூப்பிட்டு, மீதிப் பழத்தையும் ஒரு கிளையையும் ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கொண்டு போங்கள்.

பால் வடியும் காயைத் தொடாதே என்பது பொதுவாக நல்ல விதி. அதை உடைக்க வந்ததுபோல் நிற்கிறது களா. அதுவும் அரளியின் குடும்பமேதான். காம்பைத் திருகியதும் காயின் தலையில் வெள்ளைப் பால் ஒரு பொட்டாக நிற்கும். முதல் தடவை அவசரப்பட்டு அப்படியே கடித்தேன். மேலுதடும் கீழுதடும் ஒட்டிக்கொள்ள, கூடைக்கார ஆயா சிரித்தாள்: "இன்னா அவசரம் கண்ணு? பால் காயட்டும், அப்பால துன்னு." ஒரு இரவு துணியில் பரப்பி வைத்து, மறுநாள் உப்புத் தண்ணீரில் அலசினால் பிசுக்குப் போய்விடும். கருஞ்சிவப்பு முழுக் கறுப்பானதுதான் பழம். அதற்கு முந்தையது ஊறுகாய்க்கு.

தின்னும் முறை

ஒரே நாளில் மூன்று வகைக்கு மேல் வேண்டாம். துவர்ப்பு குறைந்ததிலிருந்து கூடியதற்குப் போங்கள். நெல்லியை ஒருபோதும் முதலில் தின்னாதீர்கள். நெல்லிக்குப் பின் பச்சைத்தண்ணீரே இனிக்கும்; அடுத்து வரும் எந்தப் பழத்துக்கும் ஓசியில் இரண்டு மார்க் சேர்ந்துவிடும். நான் ஒரு முறை இப்படிச் செய்து, அன்றைய பக்கத்தையே கிழித்துப் போட்டேன். ஒவ்வொரு பழத்துக்கும் நடுவே வாய் கொப்பளித்து, ஒரு வாய் வெறும் சோறு தின்றுவிட்டு ஐந்து நிமிஷம் உட்காருங்கள். கடைசியில்தான் சாட்சிகள்: வெல்லத்தில் துளி, புளியில் துளி, கடுக்காயில் நகக்கண் அளவு.

சப்பாத்திக்கள்ளிப் பழத்துக்கு மட்டும் தனிச் சடங்கு உண்டு. கண்ணுக்குத் தெரியாத சுணை முள் அதன் தோலெங்கும் கொத்துக்கொத்தாக இருக்கும். குச்சியால் தட்டிப் பறித்து, மணலில் உருட்டி, அடுப்பு நெருப்பில் வாட்டி, பிளந்து, நடுவில் இருக்கும் நட்சத்திர முள்ளை எடுத்த பிறகே வாய்க்கு. இது அமெரிக்கச் செடி. 1780களின் இறுதியில் சைதாப்பேட்டையில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற மருத்துவர் சிவப்புச் சாயப் பூச்சி வளர்க்கக் கள்ளித் தோட்டமே போட்டார். நாக்கைச் சிவக்க வைக்கும் பழத்தின் சாறு வேறு, பூச்சியின் சாயம் வேறு. ஆனால் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டே தின்றால் ருசி கூடத்தான் செய்கிறது. கொடுக்காப்புளியும் அமெரிக்கா பக்கத்திலிருந்து வந்ததே. தக்காணி உருதுவில் அதை விலாயத்தி இம்லி, அதாவது சீமைப்புளி, என்பார்கள்.

மார்க் போடுவது

ருசிக்கு 10, சதைக்கு 10, கிடைக்கும் அருமைக்கு 5, மொத்தம் 25. பறிக்கிற பாட்டுக்கு 5 வரை கழிவு. சதையைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். பத்துப் பழத்தைச் சின்ன டிஜிட்டல் தராசில் நிறுத்து, தின்று, கொட்டையைத் துடைத்து மறுபடி நிறுங்கள். ஈச்சமும் சூரையும் இந்த இடத்தில்தான் மண்ணைக் கவ்வும்.

ருசிக்கு என் கணக்கு கொஞ்சம் கோணல். துவர்ப்பு 3, 4 வரை இருந்தால் கூட்டுவேன். பூஜ்யமாக இருந்தால் குறைப்பேன். துவர்ப்பே இல்லாத பழம் சர்க்கரைத் தண்ணீர்தான். கடையில் விற்கும் பெரிய ஒட்டு இலந்தை என்னிடம் தோற்பது இதனால். வேலியோரத்து நாட்டு இலந்தை சுண்டைக்காய் அளவுதான் என்றாலும், இனிப்புக்குப் பின்னே புளிப்பும், அதன் வாலைப் பிடித்துக்கொண்டு துவர்ப்பும் வரும்.

இரண்டு வருஷ நோட்டில் என் வரிசை: களா 21, காரை 20½, நாட்டு இலந்தை 19, நாவல் 18, கள்ளி 17. சூரை 15தான். பொடிப்பொடியாகக் கறுத்து மின்னும், ருசியில் களாவுக்குச் சளைத்ததில்லை. ஆனால் கொக்கி முள் சட்டையைப் பிடித்தால் விடாது, பழத்தில் பாதி கொட்டை. விளாவையும் நெல்லியையும் போட்டியில் சேர்க்கவே இல்லை. கடையில் வருஷா வருஷம் தவறாமல் வருகிறவர்களுக்கு அருமை மார்க் எதற்கு?

காரைக்கு அரை மார்க் குறைந்ததில் எனக்கே திருப்தி இல்லை. நான் தின்றது மழையில் ஊறிய பழம். ஆயாவிடம் வரிசையைப் படித்துக் காட்டியபோது அவளும் அதைத்தான் பிடித்துக்கொண்டாள்: "மழ நின்னு நாலு நாள் வெயில் காஞ்ச கார துன்னியா நீ?" இல்லை. கார்த்திகைக்குப் பிறகு அந்தப் பக்கத்தை மறுபடி எழுத வேண்டும். அதற்குள் டப்பாவில் கடுக்காயையும் மாற்ற வேண்டும்; பழையதில் வண்டு விழுந்திருக்கிறது.