மனதில் பட்ட காயம்

2001 ஜனவரி 26. குடியரசு நாள். குஜராத் மாநிலம், கட்ச் மாவட்டம். காலை எட்டே முக்கால் மணி. கொடியேற்றத்துக்காகப் பள்ளிப் பிள்ளைகள் கூடியிருந்தார்கள். அப்போது பூமி குலுங்கியது. வீடுகள் இடிந்தன. குஜராத்தில் 13,000 பேருக்கு மேல் இறந்தார்கள்.

பிழைத்த பிள்ளைகளின் உடல் காயம் ஆறியது. மனதில் பட்ட காயம்? அது கண்ணுக்குத் தெரியாது.

அங்கே ஒரு சிறுவன் இருந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். வயது பத்து. இரவில் அலறி எழுகிறான். லாரி போனால் நடுங்குகிறான். கல்லை அடுக்குகிறான், இடிக்கிறான். திரும்பத் திரும்ப அதே விளையாட்டு. கூரைக்குக் கீழே வர மறுக்கிறான்.

"பேய் பிடித்துவிட்டது" என்கிறார் பாட்டி. "பிடிவாதம்" என்கிறார் மாமா. இரண்டும் இல்லை. முடிந்துபோன ஆபத்து அவன் மனதில் இன்னும் முடியவில்லை.

வீட்டில் என்ன செய்யலாம்?

1. திட்டாதீர்கள், அடிக்காதீர்கள். இரவில் அருகில் படுக்க வையுங்கள்.
2. வேளைக்குச் சாப்பாடு, தூக்கம், விளையாட்டு, பள்ளி. பழைய வழக்கம் திரும்பினால் பயம் குறையும்.
3. அவன் பேசினால் காது கொடுத்துக் கேளுங்கள். பேசச் சொல்லி வற்புறுத்தாதீர்கள்.
4. அப்பா இறந்திருந்தால் "ஊருக்குப் போயிருக்கிறார்" என்று பொய் சொல்லாதீர்கள்.

பெரும்பாலான பிள்ளைகள் இப்படியே தேறிவிடுவார்கள். ஒரு மாதம் ஆன பிறகும் பயம் தீராமல், படிப்பும் தூக்கமும் கெட்டால் மனநல மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

மருத்துவர் அம்மாவிடம் கேட்பார். பிள்ளையிடம் தனியாகவும் கேட்பார். ஏன்? அம்மா வருந்துவாரே என்று பல பிள்ளைகள் பயத்தை மறைத்துவிடுவார்கள்.

இதற்கு முதல் மருந்து மாத்திரை அல்ல, பேச்சுதான். வாரம் ஒரு முறையாகச் சில மாதங்கள் நடக்கும். பயம் வரும்போது மெதுவாக மூச்சு விடப் பழகுவான். பிறகு நடந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக வரைவான், சொல்வான். பயந்து ஒதுங்கிய இடத்துக்குத் துணையோடு போய்ப் பார்ப்பான். நினைவு அழியாது. ஆனால் அது அவனை மிரட்டாது.

வளர்ந்த பிள்ளைகள் சிலர் அழ மாட்டார்கள். எரிந்து விழுவார்கள், தனியே ஒதுங்குவார்கள். "செத்துவிடலாம்" என்று ஒரு பிள்ளை சொன்னால் தனியே விடாதீர்கள். அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற எண்ணில் அரசின் மனநல உதவி இலவசமாகக் கிடைக்கும். இரவிலும் பேசலாம்.

பேசிப் பார்ப்போம்

1. சிறுவனிடம் என்னென்ன மாற்றங்கள் தெரிந்தன?
2. பிள்ளையிடம் தனியாகக் கேட்பது ஏன்?
3. உங்கள் ஊரில் வெள்ளம், தீ, விபத்துக்குப் பிறகு பிள்ளைகளை யார் கவனித்தார்கள்?